ரட்லண்ட் வாட்டரில் சைக்கிள்: எதிர்க்கரை பக்கத்தில் இல்லை

போன மாதம் இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர் ஏரிக்கரையில், விட்வெல் கார் நிறுத்துமிடத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தேன். அப்பா, அம்மா, பத்து வயது இருக்கும் ஒரு பையன். வாடகைக்கு எடுத்த சைக்கிள்களின் சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்றரை. "பதினேழுதாண்டா, ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டு வந்து டீ குடிக்கலாம்" என்றார் அப்பா.

"அண்ணா, பலகையில போட்டிருக்கிறது மைல்" என்றேன். ஏரியை ஒரு முறை சுற்ற 17 மைல், அதாவது 27 கிலோமீட்டர். ஹாம்பிள்டன் தீபகற்பத்தையும் சேர்த்துச் சுற்றினால் 23 மைல், 37 கிலோமீட்டர். அவர் சிரித்துவிட்டு, "பாத்துக்கலாங்க" என்றார். பல வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில் எனக்கு ஒருவர் சொன்னபோது நானும் கிட்டத்தட்ட இதே பதிலைத்தான் சொன்னேன்.

ஹெல்மெட், தண்ணீர், டயரில் காற்று பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். இந்த ஏரிக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

## 'ஏரிக்கரை' என்ற சொல்லை நம்புவது

நமக்கு ஏரிக்கரை என்றால் மண்ணைக் கொட்டி எழுப்பிய, மேலே மாட்டுவண்டி போகிற அளவுக்குச் சமமான கரை. ரட்லண்ட் வாட்டரில் அந்த மாதிரிக் கரை ஒரே இடத்தில்தான் உண்டு: கிழக்கே எம்பிங்ஹாம் அணை, 1,200 மீட்டர். மற்ற இடமெல்லாம் சரிவு. 1970களில் க்வாஷ் என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கை மறித்துத் தேக்கிய குடிநீர் இது. அதனால் பாதை பள்ளத்தாக்கின் பக்கவாட்டில் ஓடுகிறது. பழைய ஓடை இறங்கிய இடமெல்லாம் நாமும் இறங்கி ஏற வேண்டும். பார்ன்ஸ்டேல் காட்டுக்குள் வரும் ஏற்றத்தில் புதியவர்கள் பாதிப் பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஏற்றம் கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்துவிடுங்கள். நடு ஏற்றத்தில், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும்.

## வலம் வருவது

கோயில் பழக்கமோ என்னவோ, நம் ஆட்கள் பலர் ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வடகரையில் இருக்கும் விட்வெல்லிலிருந்து அப்படிப் போனால் முதலில் அணை, பிறகு திறந்தவெளியான தென்கரை முழுக்க மேற்கு நோக்கி மிதிக்க வேண்டும். இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வீசும், அதாவது நேராக உங்கள் முகத்தில். காற்றோடு போராடிக் கால் ஓய்ந்த பிறகு ஹாம்பிள்டனும், பார்ன்ஸ்டேல் ஏற்றமும் வரும். ஏரியை இடப்பக்கம் வைத்துச் சுற்றுங்கள். ஏற்றங்கள் தெம்பாக இருக்கும்போதே முடிந்துவிடும், தென்கரையில் காற்று முதுகைத் தள்ளும்.

## எதிர்க்கரையைக் கண்ணால் அளப்பது

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரைபடத்தைப் பார்த்தால் ஏரி ஒரு லாடம் மாதிரி. கிழக்கே அணைப் பக்கம் அகலமான நீர், மேற்கே அது இரண்டு கைகளாகப் பிரிகிறது. அந்தக் கைகளுக்கு நடுவில் துருத்திக்கொண்டு நிற்பதுதான் ஹாம்பிள்டன் தீபகற்பம். நீர் வருவதற்கு முன் அது வெறும் குன்று. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் தப்பித்தது, கீழே இருந்த நெதர் ஹாம்பிள்டன் மூழ்கியது.

நாங்கள் மூன்று பேர் ரயிலில் ஓக்கம் வந்து, அங்கிருந்து டாக்ஸியில் விட்வெல் போய் வாடகை சைக்கிள் எடுத்தோம். ஐந்து மணிக்குத் திருப்பித் தர வேண்டும். பார்ன்ஸ்டேலைத் தாண்டி, தீபகற்பம் கரையோடு சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து உள்ளே போய், கிழக்கு முனையை அடைந்தோம். இடது பக்கம் நீருக்கு அப்பால் நாங்கள் கிளம்பிய விட்வெல் கரை. வலது பக்கம் நார்மன்டன் தேவாலயம். ஏரி நிரம்பினால் மூழ்கும் என்று அதன் கீழ்ப்பகுதியைக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பி, சுற்றிலும் அணைகட்டிக் காப்பாற்றிய கட்டிடம். எல்லாப் படத்திலும் வருவது அதுதான். இரண்டு கரையும் கூப்பிட்டால் கேட்கும் தூரம்போல இருந்தன. பாதிக்கு மேல் முடித்துவிட்டோம் என்று நினைத்து உட்கார்ந்து, கொண்டுவந்த புளிசாதத்தை நிதானமாகச் சாப்பிட்டோம்.

உண்மைக் கணக்கு வேறு. அந்த முனையில் நிற்கும்போது 23 மைலில் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருக்கும். கண்ணுக்கு எதிரே தெரியும் நார்மன்டனுக்கு நிலத்தின் வழியாகப் போக, மேற்கே கழுத்து வரை திரும்பி வந்து, எகில்டன், மேன்டன், லிண்டன், எடித் வெஸ்டன் என்று தென் கையை முழுதாகச் சுற்றியாக வேண்டும். நடுவில் பாலம் எதுவும் கிடையாது.

சரி, அது வரைக்கும்கூடத் தப்பு பெரிதில்லை. திரும்பிக் கழுத்துக்கு வந்தபோது வலப்பக்கம் போனால் விட்வெல் சுமார் 4 மைல். இடப்பக்கம் போனால் சுமார் 13. மணி மூன்றரை. கூட வந்தவர்களில் ஒருவர், "போதும், வந்த வழியே போயிடலாம்" என்று தெளிவாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. "சுத்துறதுக்குன்னு வந்துட்டுப் பாதியில திரும்புறதா?" என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை: கடைக்குத் தாமதக் கட்டணம், மேன்டனுக்கு அப்புறம் தொடை பிடித்துக்கொண்ட நண்பரின் மௌனம், ஓக்கத்தில் தவறவிட்ட ரயில். பிரிட்டனில் மலிவாக முன்பதிவு செய்யும் டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். மூன்று பேருக்கும் புது டிக்கெட், முழு விலையில்.

இப்போது கழுத்துப் பகுதிக்கு வந்ததும் இறங்கி நின்று கடிகாரம் பார்க்கிறேன். கையில் மூன்று மணி நேரம் இல்லை என்றால் வலப்பக்கம். ஏ606 சாலையில் ஏறினால் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அங்கே லாரிகள் உரசிக்கொண்டு போகும்.

விட்வெல்லில் பார்த்த அந்தக் குடும்பத்தை அன்று கழுத்துப் பகுதியில்தான் மறுபடி பார்த்தேன். வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. அப்பா என்னைப் பார்த்து, "மைல்தாங்க" என்றார்.

## 'வாகனமே வராது' என்று நினைப்பது

முழுக்க அப்படி இல்லை. அப்பர் ஹாம்பிள்டனிலும் மேன்டனிலும் கொஞ்ச தூரம் ஊர்ச் சாலைதான். பிள்ளைகளை முன்னால் ஓடவிட்டிருந்தால் அங்கே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் நடப்பவர்களும் நாய்களும் உண்டு. பெல்லைத் தூரத்திலேயே அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் மனிதர் ஒரு பக்கமும் நாய் மறுபக்கமுமாகப் போவார்கள், நடுவில் கயிறு.

## மாட்டுக் கம்பி

ஆடுமாடு தாண்டாமல் இருக்கத் தரையில் பதித்த இரும்புக் கம்பிகள். நேராக, ஹேண்டில்பாரைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். மழையில் ஐஸ் மாதிரி வழுக்கும். சந்தேகமா, இறங்கிவிடுங்கள்.

## கேட்

திறந்தவர் மூட வேண்டும்.

## பஞ்சர் ஒட்டிவிட்டு உடனே கிளம்புவது

இலையுதிர்காலத்தில் விவசாயிகள் ஹாதார்ன் என்ற முட்செடி வேலியை இயந்திரத்தால் வெட்டுவார்கள். அந்த முள் பாதையில் சிதறிக் கிடக்கும். டியூபை மாற்றிவிட்டு டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்காமல் மாட்டினால், உள்ளேயே ஒடிந்து நிற்கும் முள் புது டியூபையும் குத்தும். மெதுவாகத் தடவுங்கள், விரலையும் விடாது.

## நாயை ஏரியில் இறக்குவது

1989-ல் இங்கே நீலப்பச்சைப் பாசி பெருகி, தண்ணீர் குடித்த ஆடுகளும் நாய்களும் செத்தன. எச்சரிக்கைப் பலகை இருந்தால் படியுங்கள்.

## பறவைக்கு நேரம் ஒதுக்காதது

விரால் அடிப்பான் (ஆஸ்ப்ரே), மீன் பிடித்துத் தின்னும் கழுகு, இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அற்றுப்போயிருந்த பறவை. 1996-ல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே விட ஆரம்பித்தார்கள். 2001-ல் முதல் கூடு பலித்தது. வசந்தத்திலிருந்து கோடை முடிவு வரை லிண்டன் பக்கம் மேன்டன் விரிகுடாவில் அதன் கூட்டைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் போனால் கிடைக்காது, அது மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும். ஒரு மணி நேரமாவது தனியாக வையுங்கள். கால் மணி நேரத்தில் எட்டிப்பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்று ஓடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## டிசம்பரில் மதியம் கிளம்புவது

நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பாதையில் விளக்கு கிடையாது.