டிராக் சா வாங்கப் போகிறீர்களா? மெஷினுக்கு முன்னால் ரெயிலைப் பாருங்கள்

மதுரையில் பல பட்டறைகளில் இன்றும் பிளைவுட் வெட்டுவது மார்பிள் கட்டரில்தான். கல்லும் டைல்ஸும் வெட்டுவதற்கென்று வந்த 4 அங்குல மெஷினில் மரம் வெட்டும் பிளேடை மாட்டி, ஓரத்தில் ஒரு அலுமினியப் பட்டியை வைத்து ஓட்டிவிடுவார்கள். கை பழகிய ஆசாரிக்கு அது வசப்படும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும் மெஷின், பிளேடின் அடிப்பக்கம் திறந்தே கிடக்கும், மரத்தில் சிக்கினால் கையை விட்டுத் துள்ளும்.

அதனால்தான் வீட்டுக்கு அலமாரி, கட்டில் எல்லாம் தாங்களே செய்ய நினைப்பவர்கள் டிராக் சாவைத் தேடுகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த பிராண்டு நல்லது?" நல்ல பிராண்டு நாலைந்து இருக்கிறது. அதில் உங்களுக்கு எது என்பதை எந்த வரிசையில் யோசித்து முடிவு செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் மெஷினைப் புரிந்துகொள்ளுங்கள். டிராக் சாவும் சர்குலர் சாதான், அதாவது வட்டப் பிளேடு சுழன்று அறுக்கும் கை மெஷின்தான், இரண்டு விஷயத்தில் வேறுபடும். பிளேடு கூட்டுக்குள் மறைந்திருக்கும், அமுக்கினால்தான் கீழே இறங்கும். அடித்தட்டில் உள்ள பள்ளம் அலுமினிய ரெயிலின் மேட்டில் உட்கார்ந்து நேராக நகரும். ரெயிலின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். பிளேடு அதை ஒட்டியே போகும். மேல்முகத்தின் மர நாரை அது அமுக்கிப் பிடித்துக்கொள்வதால் சில்லு பெயராது. மெஷினுக்குக் கொடுக்கும் காசில் பாதி அந்தப் பட்டைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்களுக்கு இது தேவையா?

ஒரே ஒரு அலமாரி செய்து முடித்துவிட்டு மெஷினைப் பரண் மேல் போடப்போகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். பேனல் சா, அதாவது முழு ஷீட்டை அறுக்கும் பெரிய மெஷின், வைத்திருக்கும் கடையில் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள். ஷீட்டை முழுதாக மாடிக்கு ஏற்றும் பாடும் மிச்சம். 8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) ஷீட் ஒன்று 40 கிலோ அளவுக்கு வரும்.

ஏற்கெனவே சாதாரண சர்குலர் சா இருந்தால் நீங்களே ஒரு வழிகாட்டிப் பலகை செய்துகொள்ளலாம். 6 மி.மீ. பிளை ஒன்றை அடியில் போட்டு, அதன் மேல் 12 மி.மீ. பிளையில் நேரான துண்டு ஒன்றை ஒட்டுங்கள். சாவின் அடித்தட்டை அந்த மேல் துண்டோடு உரசவிட்டு ஒரு முறை ஓட்டினால், அடிப் பிளையின் மிச்சம் அறுந்து போகும். இனி அந்த அறுந்த ஓரம்தான் உங்கள் வெட்டுக்கோடு. டிராக் சாவின் தத்துவமும் இதுவேதான். இதில் கொஞ்ச நாள் வேலை செய்து, போதவில்லை என்று பட்டால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: ரெயில் குடும்பம்

மெஷின் என்றாவது தேயும், எரியும், மாற்ற வேண்டிவரும். ரெயில் அப்படியே இருக்கும். அப்புறம் வாங்கும் நீள ரெயில், இணைப்புக் கம்பி, கிளாம்ப் எல்லாமே அந்த ரெயிலின் வடிவத்தை ஒட்டியவை. ஆகவே இன்று எந்த ரெயிலை வாங்குகிறீர்களோ, அடுத்த மெஷினையும் அதுவே தீர்மானித்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய குடும்பங்கள் மூன்று. ஃபெஸ்டூலும் மக்கிட்டாவும் ஒரே வகை ரெயில். ஒன்றின் மெஷின் மற்றதன் ரெயிலில் ஓடும், மெஷினில் உள்ள திருகை லேசாகத் திருகி ஆட்டத்தைச் சரிசெய்தால் போதும். பாஷின் எஃப்எஸ்என் ரெயிலும் மாஃபெல் ரெயிலும் இன்னொரு குடும்பம். டிவால்ட் தனிக்கட்டை. ஆனால் அதன் ரெயிலில் இரண்டு பக்கமும் ரப்பர் பட்டை உண்டு. ரெயிலைத் திருப்பிப் போடாமலே எந்தப் பக்கமும் வெட்டலாம், ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் கை கொடுக்கும்.

ஃபெஸ்டூல், மக்கிட்டா வடிவத்துக்கு மற்ற கம்பெனிகளும் துணைக்கருவிகள் செய்கின்றன. எனக்கு இது பெரிய காரணம். மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று என்னை நெருக்கினால் இந்தக் குடும்பத்தைத்தான் காட்டுவேன்.

அடுத்தது நீளம். 4 அடிக் குறுக்கு வெட்டுக்கு 1,220 மி.மீ. வேண்டும். மெஷின் வெட்டத் தொடங்கும் முன்னும் வெட்டி முடித்த பின்னும் ரெயிலில் உட்கார இடம் வேண்டுமே, அதையும் சேர்த்தால் 1.4 மீட்டர் ரெயில் கணக்காக இருக்கும். 8 அடி நீளவாக்கில் அறுக்க 2.7 மீட்டராவது தேவை. 3 மீட்டர் ஒற்றை ரெயில் வாங்கினால் வெட்டு நேராக வருவதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடையிலிருந்து அதைக் குட்டி யானையில்தான் ஏற்றிவர வேண்டும், அடுக்குமாடி லிஃப்டிலும் நுழையாது. 1.4 மீட்டரில் இரண்டு வாங்கி இணைப்பதே பெரும்பாலான வீடுகளுக்கு நடைமுறை. இணைக்கும்போது இரண்டு ரெயிலின் முனையும் முட்டியதை வைத்து நேர் என்று நம்பிவிடாதீர்கள். மயிரிழை இடைவெளி விட்டு, ஓரத்தில் நீளமான ரசமட்டத்தை அணைத்து வைத்து, எங்கும் வெளிச்சம் தெரியாதபடி பார்த்துவிட்டுத்தான் இணைப்பின் திருகுகளை இறுக்க வேண்டும்.

படி 3: இப்போது மெஷின்

கம்பெனிக்காரர்கள் முன்னால் நிறுத்தும் எண்களில் பாதி உங்களுக்கு வேண்டாதவை. மக்கிட்டா எஸ்பி 6000 மெஷின் 1,300 வாட், பாஷ் ஜிகேடி 55 மெஷின் 1,400 வாட், ஃபெஸ்டூல் டிஎஸ் 55 வரிசையில் பரவலாக இருப்பது 1,200 வாட். எல்லாமே 50 மி.மீ.க்கு மேல் ஆழம் வெட்டும். நீங்கள் வெட்டப்போவதோ 18, 19 மி.மீ. ஷீட், எப்போதாவது 25. ஆகவே ஆழத்தை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபெஸ்டூலில் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு வரும். வெட்டிய வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் அது தடுக்கும். தூசி இழுப்பதும் அதில் அருமை. விலையில் மற்றவற்றை விட வெகுதூரம் மேலே நிற்கும். தொழிலாகச் செய்பவருக்கு அந்தக் காசு திரும்பும், வார இறுதியில் வேலை செய்பவருக்கு எப்படித் திரும்பும் என்று எனக்குப் புரியவில்லை. மக்கிட்டாவில் அந்தத் தகடு இல்லை. பதிலுக்கு, முதலில் மேலாக 2, 3 மி.மீ. மட்டும் கீறிவிட ஒரு நிறுத்தம் தந்திருக்கிறார்கள். மைக்கா ஒட்டிய பலகையையும் பிரீலேம் (கம்பெனியிலேயே மேல்பூச்சு ஒட்டி வரும்) ஷீட்டையும் வெட்டும்போது அதன் அருமை தெரியும். சாய்வாக வெட்டும்போது மெஷின் கவிழாமல் ரெயிலைப் பிடித்துக்கொள்ளும் நாக்கும் உண்டு. டிவால்டில் மெஷின் பின்னோக்கித் துள்ளாமல் இருக்க ஒரு திருகு இருக்கிறது, புதியவருக்குத் தைரியம் தரும் விஷயம் அது. பாஷ் மெஷின் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வீட்டில் ஏற்கெனவே பாஷ் பேட்டரிக் கருவிகள் இருந்தால் அதன் 18 வோல்ட் மாடலைப் பார்க்கலாம்.

பேட்டரியா, வயரா? மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளில் பேட்டரி அருமையாகத் தெரியும். ஆனால் நீளமாக 8 அடி வெட்டுகளை அடுத்தடுத்து வெட்டினால் சார்ஜ் வேகமாக இறங்கும். சித்திரை வெயிலில் சூடேறிய பேட்டரி ஆறிய பிறகுதான் சார்ஜே ஏறும். ஒரே இடத்தில் வேலை என்றால் வயர் மெஷினே போதும். 1,300 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியரை நெருங்கும். செல்போன் சார்ஜருக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் வேண்டாம். சுருளில் சுற்றிய வயரை முழுதும் பிரித்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

படி 4: கடையில் கேட்க வேண்டியவை

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கையில் கொண்டுவந்தால் வோல்ட்டேஜை முதலில் பாருங்கள். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், இங்கே சொருகினால் புகைதான். கடையில் என்றால் மூன்று கேள்விகள். மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் மதுரையிலேயே கிடைக்குமா? பழுதானால் மெஷினை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? பிளேடு இருப்பில் இருக்கிறதா? சாதாரண சர்குலர் சாவின் 7 அங்குல பிளேடு எங்கும் கிடைக்கும், டிராக் சாவுக்கு அது ஆகாது. இதில் பெரும்பாலும் போவது 160 அல்லது 165 மி.மீ. பிளேடு, நடுத்துளை 20 மி.மீ. பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் 48 பல் உள்ளதாகக் கேளுங்கள். எந்த பிராண்டுக்கு இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வருகிறதோ, நீங்கள் முடிவு செய்த ரெயில் குடும்பத்துக்குள் அதை எடுங்கள்.

படி 5: முதல் வெட்டு

வரிசை முக்கியம். மெஷினை ரெயிலில் வைத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அடித்தட்டில் உள்ள சிறு திருகுகளைத் திருகி, ஆட்டம் இல்லாமல் அதே சமயம் தடையில்லாமல் நகரும்படி செய்யுங்கள். இதை முடித்த பிறகுதான் ரப்பர் பட்டையை அறுக்க வேண்டும். முதலில் பட்டையை அறுத்துவிட்டு அப்புறம் ஆட்டத்தைச் சரிசெய்தால் பிளேடு விலகிவிடும், புதுப் பட்டை வீண்.

ஒரு கழிவுப் பலகை மேல் ரெயிலைப் போட்டு, ஆழத்தைக் குறைவாக வைத்து, வேகத்தை முழுதாக வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் மெதுவாகத் தள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் பிளேடின் கோட்டில் அறுந்துவிடும். இனிமேல் பென்சில் குறியில் அந்த ரப்பர் ஓரத்தை வைத்தாலே போதும். வேறு தடிமன் பிளேடு மாட்டினால் கோடு மாறும் என்பதால் ஒரே அளவு பிளேடையே வாங்கி வாருங்கள்.

ஷீட்டைத் தரையில் விரித்துக்கொள்ளுங்கள். அடியில் நாலைந்து ரீப்பர் கட்டை, வெட்டுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் தாங்கும்படி. துண்டாகும் பகுதி தொங்கினால் வெட்டு வாய் பிளேடைக் கவ்வும். தெர்மாகோல் விரிக்கலாம் என்பார்கள், அந்த வெள்ளை மணிகள் ஒரு வாரத்துக்கு வீட்டை விட்டுப் போகாது.

கம்பெனி மூலையை நேர்மூலை என்று நம்ப வேண்டாம். இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளந்து பாருங்கள், 1,220க்கு 2,440 என்றால் இரண்டும் 2,728 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால் நீள ஓரம் ஒன்றை லேசாகச் சீவி, அதிலிருந்து மூலைமட்டம் பிடித்து மற்ற அளவுகளை எடுங்கள்.

ரெயிலுக்கு அடியில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டிய பாகம், நல்ல முகம் மேலே. சாதாரண சர்குலர் சாவில் நல்ல முகம் கீழே இருக்கும், இங்கே தலைகீழ். பிளேடு தின்னும் தடிமன் 2.2 மி.மீ. அளவுக்கு இருக்கும், அதாவது ஒரு நூலுக்கும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவு. ஆனால் ஒரு ஷீட்டில் ஐந்து வெட்டு போட்டால் 11 மி.மீ. காணாமல் போகும். அளவு எழுதும்போதே கழித்து எழுதுங்கள். ஆழம், ஷீட் தடிமனுக்கு மேல் 2, 3 மி.மீ. இருந்தால் போதும். மெஷினில் உள்ள அளவுகோல் ரெயிலின் தடிமனைச் சேர்த்துச் சொல்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் வேண்டாம். கண்ணாடி, காது மூடி, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், எம்டிஎஃப் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மெஷினை ஓடவிட்டு முழு வேகம் வந்த பிறகு பிளேடை இறக்குங்கள், நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். சத்தம் கனத்தால் வேகமாகத் தள்ளுகிறீர்கள், கருகிய வாடை வந்தால் மெதுவாகத் தள்ளுகிறீர்கள் அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. ஓடும் பிளேடோடு மெஷினைப் பின்னால் இழுக்கவே கூடாது. வெட்டி முடித்ததும் பிளேடை மேலே வரவிட்டு, நின்ற பிறகு தூக்குங்கள். பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

வீட்டு வேக்குவம் கிளீனரின் குழாய் மெஷினின் வாயில் பொருந்தாமல் போகலாம். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டினால் காற்று ஒழுகாது. வேலை முடிந்ததும் ரெயிலைச் சுவரில் ஆணியில் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் ரப்பர் பட்டையின் பசை இளகி இடம் பெயரும், புதுப் பட்டை ஒட்டி மறுபடி அறுக்க வேண்டியதுதான்.