மக்காச்சோளத்தில் படைப்புழு: குருத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மருந்தைத் தொடுங்கள்

மருந்தடித்தும் புழு கேட்கவில்லை என்கிற வயல்களில், பெரும்பாலும் மருந்து மேல் குற்றமில்லை. புழு பெருத்த பிறகு, அதுவும் இலைமேல் அடித்திருப்பார்கள். புழுவோ குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே மேலே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டுக்குள்ளும் வந்து பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரி மக்காச்சோளத்தைப் பதம் பார்த்தது.

தாய் அந்துப்பூச்சி இலையில் நூறு, இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, மேலே பழுப்பு வெள்ளை ரோமத்தால் மூடிவிடும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப் புழுக்கள் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டுவதால், அங்கங்கே மெல்லிய காகிதம் ஒட்டியதுபோல வெளுத்துத் தெரியும். மருந்து வேலை செய்வது இந்தக் கட்டத்தில்தான். பிறகு குருத்துக்குள் போய்விடும். விரியும் இலையில் ஓட்டைகள் தெரியும், குருத்தில் ஈரமான மரத்தூள் போல எச்சம் குவிந்திருக்கும். பெரிய புழு சின்னதைத் தின்றுவிடுவதால், கடைசியில் குருத்துக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

குருத்தைப் பிரித்து ஒரு புழுவை எடுத்துப் பாருங்கள். தலையில் வெள்ளைக் கோடுகள் தலைகீழ் ‘ஒய்’ வடிவில் இருக்கும். வால் பக்கம், கடைசிக்கு முந்தைய வளையத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக நிற்கும். இரண்டும் இருந்தால் படைப்புழு, சந்தேகமே வேண்டாம். இலையில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்து, நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது பெரும்பாலும் தண்டுத் துளைப்பான்.

முளைத்த ஒரு வாரத்திலிருந்து வாரம் இருமுறை பாருங்கள். வரப்போரச் செடிகளை விட்டு உள்ளே போய், ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக நூறு செடி. இளம் பயிரில் நூற்றுக்கு ஐந்தில் புதுச் சேதம் இருந்தாலே வேலையைத் தொடங்க வேண்டும். குருத்து திரண்ட பயிரில் பத்து வரை பொறுக்கலாம். பழைய ஓட்டையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குருத்தில் புது எச்சம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிப்பது) வைத்தால், அந்துப்பூச்சி விழத் தொடங்கியதுமே முட்டைக் குவியலைத் தேடி நசுக்கிவிடலாம். இளம் பயிரில் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

சேதம் லேசாக, புழு சின்னதாக இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும்: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப் கரைசல் சேர்த்து அன்றே அடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் 15–20 நாள் பயிருக்குக் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி (எஸ்சி என்றால் திரவ மருந்து), லிட்டருக்கு 0.4 மில்லி. 40 நாள் வாக்கில் மறுபடி தேவைப்பட்டால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி (தண்ணீரில் கரையும் குருணை) லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது ஸ்பினிடோரம் 11.7 எஸ்சி லிட்டருக்கு 0.5 மில்லி. பத்து லிட்டர் டேங்குக்கு முறையே 4 மில்லி, 4 கிராம், 5 மில்லி. கண் அளவு வேண்டாம்.

பலரும் வழுக்குவது மருந்தை மாற்றுவதில்தான். குளோரான்ட்ரனிலிப்ரோலுக்கு அடுத்து புளூபென்டியமைடு அடித்தால் மாற்றியதாகாது. புழுவைக் கொல்லும் விதத்தில் இரண்டும் ஒரே வகை. சயான்ட்ரனிலிப்ரோல் கலந்த மருந்தால் நேர்த்தி செய்த விதையை விதைத்திருந்தால் அதுவும் அதே வகைதான். அந்தப் பயிருக்கு முதல் தெளிப்பிலேயே வேறு மருந்துக்குப் போய்விடுங்கள். விதைப் பையில் அச்சடித்திருப்பார்கள், பிரிக்கும்முன் படித்துவிடுங்கள்.

அடிக்கும் நேரம் காலை அல்லது சாயங்காலம். நாசிலைக் குருத்துக்கு நேர் மேலே பிடித்து, உள்ளே மருந்து இறங்கும்படி செடி செடியாக அடிக்க வேண்டும். குச்சியை இடவலமாக வீசிக்கொண்டே நடந்தால் மருந்து இலையில் வழிந்து மண்ணுக்குப் போகும்.

பெரும்புழுவுக்குத் தெளிப்பு அவ்வளவாக எடுபடாது, நச்சுத்தீனி வைக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ தவிடு, 2 கிலோ வெல்லம், 2–3 லிட்டர் தண்ணீர் பிசைந்து ஒரு நாள் புளிக்கவிட்டு, வைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு 100 கிராம் தையோடிகார்ப் பூச்சிமருந்து கலந்து, கையுறையோடு குருத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஆடு, மாடு, கோழி அந்தப் பக்கம் போகவே கூடாது.

ஆண்பூ வந்தபின் தெளிப்பதில் பலனில்லை. கதிருக்குள் புகுந்த புழுவை மருந்து எட்டாது, மகரந்தத்துக்கு வரும் தேனீதான் சாகும். கண்ணில் பட்ட புழுவைப் பொறுக்கி அழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு: கூட்டுப்புழு மண்ணில் சில செண்டிமீட்டர் ஆழத்திலேயே கிடப்பதால் கோடை உழவில் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு. ஊடுபயிராக உளுந்து, வரப்போரம் தட்டைப்பயறு அல்லது எள் இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் விதையுங்கள். பிந்தி விதைத்த காட்டுக்குத்தான் முந்தின காட்டுப் பூச்சியெல்லாம் வந்து சேரும்.