பழைய ஊற்றுப் பேனாவின் பொறிப்புகளைப் படிப்பது எப்படி?

பழைய ஊற்றுப் பேனா கையில் கிடைத்ததும் பலர் நிப்பைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுகிறார்கள். நிப்போ எளிதில் கழற்றி மாற்றக்கூடியது. பேனாவின் மீதுள்ள ஒவ்வொரு பொறிப்பும் அது எந்த உறுப்பில் இருக்கிறதோ அந்த உறுப்புக்கு மட்டுமே சாட்சி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கீழுள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில், பேனாவை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். எபோனைட் எனும் கெட்டி ரப்பரால் ஆன தண்டு, அதாவது பேனாவின் உடல், தண்ணீர் பட்டால் நிறம் மங்கும். ஆல்கஹாலும் அசிட்டோனும் பழைய பிளாஸ்டிக்கான செல்லுலாய்டைக் கரைக்கும். மெருகுப் பசை கூடவே கூடாது. நான் தொடக்கத்தில் ஒரு கறுப்புப் பேனாவைப் பளபளப்பாக்கப் போய், அதன் தண்டில் இருந்த இரண்டு வரி எழுத்தையும் சேர்த்துத் தேய்த்து அழித்துவிட்டேன்.

அடுத்து, அறையை இருட்டாக்கி, சிறு விளக்கு ஒன்றைத் தண்டுக்கு ஏறக்குறைய இணையாகப் படுக்கவைத்து, பேனாவை மெல்ல உருட்டிக்கொண்டே பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில், பக்கவாட்டு வெளிச்சம் விழுந்ததும் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்துகள் எழும்பும். பொருள் தேடும் முன்பே, கண்ணில் பட்ட எல்லா எழுத்தையும் எண்ணையும் புள்ளியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, தண்டைப் படியுங்கள். நிறுவனப் பெயருடன் காப்புரிமைத் தேதி இருந்தால், அது பேனா செய்யப்பட்ட தேதி ஆகாது. அதற்கு முன்பு அந்தப் பேனா வந்திருக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சான்று. வாட்டர்மேன் நிறுவனப் பேனாக்களின் தண்டுகளில் 1884 என்ற ஆண்டு பல காலம் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. வாட்டர்மேன் எபோனைட் பேனாக்களின் பின்முனையில் உள்ள எண்ணோ வேறு வகை. 52½ வி என்றிருந்தால், 5 நெம்புகோல் வழி மை நிரப்புவதையும், 2 நிப்பின் அளவையும், அரை என்பது மெலிந்த உடலையும், வி என்பது குட்டையான பேனாவையும் குறிக்கும். 452 என்றிருந்தால், முன்னால் வந்த 4 வெள்ளி மேலுறையைச் சொல்கிறது.

நான்காவது படிதான் சுவையானது. பார்க்கர் நிறுவனம் 1934 அளவில் தண்டுகளில் தேதிக் குறியீடு இடத் தொடங்கியது. 1940களின் அமெரிக்கப் பேனாக்களில் ஆண்டின் கடைசி இலக்கமும் அதையொட்டிச் சில புள்ளிகளும் இருக்கும். மூன்று புள்ளி முதல் காலாண்டு. அடுத்தடுத்த காலாண்டில் ஒவ்வொரு புள்ளியாகக் குறைந்து, நான்காவதில் ஒன்றும் இராது. பார்க்கர் 51 என்ற மாதிரிப் பேனா ஒன்றில் 1 என்ற இலக்கமும் இரண்டு புள்ளிகளும் இருந்தால் இரண்டாம் காலாண்டு என்பது உறுதி, ஆனால் 1941ஆ, 1951ஆ? மை நிரப்பும் முறை விடை சொல்லும். பின்முனைச் சிறு மூடியைத் திருகினால் அழுத்துதண்டு தெரியும் வாக்குமேட்டிக் வகை என்றால் 1941. தண்டைக் கழற்றினால் உலோகக் கூட்டுக்குள் மைப்பை இருக்கும் ஏரோமெட்ரிக் வகை 1948இல்தான் வந்தது, ஆகவே 1951.

ஐந்தாவது, நிப். 14 கே (காரட்) என்பதும் 585 என்பதும் ஒரே தரத் தங்கம். 18 கே என்றால் 750. வாரன்டட் 14 கே என்று மட்டும் எழுதி நிறுவனப் பெயர் இல்லாவிட்டால், அது பொதுவாக விற்கப்பட்ட நிப். பெயர் பெற்ற நிறுவனத்தின் பேனாவில் அது இருந்தால் பெரும்பாலும் பின்னால் மாற்றப்பட்டதாக இருக்கும். மான்ட்பிளாங்க் நிப்பின் 4810 மாதிரி எண் அன்று, அதே பெயருள்ள மலையின் உயரம் மீட்டரில். எஸ்டர்புரூக் நிறுவனத்தின் 2668 போன்ற எண்கள் நிப்பின் முனை வகையைச் சொல்வன. அவை திருகி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் பேனாவின் வயதுக்கு உதவா.

மூடியில் நாட்டின் பெயரைத் தேடுங்கள். மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம் என்று ஏறக்குறைய கொள்ளலாம். ஷேஃபர் நிறுவனத்தின் வெள்ளைப் புள்ளி 1924 முதல் வாழ்நாள் உத்தரவாதத்தைக் குறித்தது. அதே நிறுவனத்தின் தண்டில் 875 என்றிருந்தால் அது விலை, எட்டே முக்கால் டாலர்.

உரிமையாளரின் பெயரைத் தொழிற்சாலைப் பொறிப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் பரிசளித்த தேதி வெட்டப்பட்டிருந்தால் அது அரிய உதவி: பேனா அதற்கு முன்பே செய்யப்பட்டிருக்க வேண்டும். மூடியும் தண்டும் நிப்பும் வெவ்வேறு காலத்தைக் காட்டினால், உங்கள் குறிப்பில் மூன்றையும் தனித்தனி வரியாகவே எழுதி வையுங்கள்.