ட்ரோனில் சினி மோடு: புதிதாகப் பறக்கவிடுபவர்களுக்கு

புது ட்ரோன் வாங்கியவர்கள் எடுக்கும் முதல் வீடியோக்களைப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். கிளம்பும்போது ஒரு வெட்டு, நிற்கும்போது ஒரு குலுக்கல், திரும்பும்போது பார்க்கிறவருக்குத் தலைசுற்றல். இதைச் சரிசெய்ய எடிட்டிங் படிக்க வேண்டாம். ரிமோட்டில் உள்ள ஸ்விட்சை சினி மோடுக்கு, அதாவது வீடியோ எடுக்க ட்ரோனை மெதுவாகவும் சீராகவும் பறக்கவைக்கும் நிலைக்கு, தள்ளினால் பாதி வேலை முடிந்தது.

டிஜேஐ மினி 2, மினி 3 ரிமோட்டில் சினி, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று நிலைகள் இருக்கும். ஸ்போர்ட்டில் அதிகபட்சம் நொடிக்கு 16 மீட்டர், நார்மலில் 10, சினியில் 6. பழைய மாடல்கள் சிலவற்றில் இதே இடத்தில் ட்ரைபாட் மோடு இருந்தது. மேவிக் ப்ரோவில் அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டர்தான், நாம் நடப்பதைவிடக் குறைவு. ஆனால் சினியின் 6 மீட்டர் அப்படியல்ல. மணிக்கு 21 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. தலையில் பட்டால் தையல்தான்.

எங்கே பழகுவது

ட்ரோன் கைக்கு வந்ததும் மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை மீனாட்சியம்மன் கோபுரம். அந்த ஆசையை அப்படியே மடித்து வையுங்கள். அனுமதியில்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. விமான நிலையம் தெற்கே இருப்பதால் அவனியாபுரம், வில்லாபுரம் பக்கத்து மொட்டைமாடிகளும் வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத பகுதி) 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான். கிளம்புவதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம். தை அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல், பின்னால் சிறுமலை, காலை ஏழு மணி வெளிச்சம். வயல்காரரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். "அண்ணே, இந்த வரப்புல நின்னு கொஞ்ச நேரம் பறக்கவிட்டுக்கிறட்டுமா?" என்றால் பெரும்பாலும் "தாராளமா" என்பார்கள், பிறகு அவர்களும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "எங்க தோப்ப ஒரு ரவுண்டு காட்டுங்க தம்பி" என்ற கோரிக்கையும் வரும். காட்டிவிடுங்கள்.

படி 1: பிரேக்கைப் பழகுங்கள்

முதலில் பழக வேண்டியது நிறுத்துவது. சினி மோடில் ட்ரோன் மெதுவாகக் கிளம்புகிறது, அதேபோல மெதுவாகத்தான் நிற்கிறது. நார்மலில் ஸ்டிக்கை (ரிமோட்டில் விரலால் தள்ளும் குச்சி) விட்டதும் கெட்டியாக நிற்கும். சினியில் விட்ட பிறகும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டே போகும். குலுக்கலில்லாத வீடியோவுக்கும், பனைமரத்தில் மோதுவதற்கும் இது ஒன்றே காரணம்.

சுற்றிலும் ஒன்றுமில்லாத வயலில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே நிறுத்துங்கள். வரப்பில் ஒரு துண்டை விரித்துப் போடுங்கள். தூரத்திலிருந்து வந்து, துண்டுக்கு நேர் மேலே வந்ததும் ஸ்டிக்கை விடுங்கள். எவ்வளவு தாண்டிப் போகிறது என்று பாருங்கள். ஸ்டிக்கைப் பாதி தள்ளி (அரை ஸ்டிக்) ஒரு முறை, முழுதும் தள்ளி ஒரு முறை. பிறகு துண்டின் மேலேயே நிற்கும்படி முன்கூட்டியே விட்டுப் பழகுங்கள். அவசரமாக நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். இதையும் இங்கேயே செய்து பாருங்கள்.

படி 2: ஒரு விரல், பிறகு இரண்டு

இடது ஸ்டிக்கில் மட்டும் மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். வலது ஸ்டிக்கில் மட்டும் நேராகப் போய்த் திரும்புங்கள். இரண்டும் கைக்கு வந்த பிறகே முன்னால் போய்க்கொண்டே திரும்பும் வளைவு. கட்டைவிரலை ஸ்டிக்கின் மேல் வைப்பதைவிட, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தால் நுணுக்கம் கூடும். சிறுவர்கள் "அண்ணே, ஒரு தடவ குடுங்கண்ணே" என்று சூழ்ந்திருக்கும்போது இந்தப் பயிற்சி நடக்காது.

இன்னும் திருப்பம் வெடுக்கென்று இருந்தால் ஆப்பின் கண்ட்ரோல் பகுதியைத் திறந்து, உங்கள் மாடலில் இருக்குமானால், திரும்பும் வேகத்தையும் கிம்பல் (கேமராவைத் தாங்கும் அமைப்பு) சாயும் வேகத்தையும் ஒவ்வொரு மோடுக்கும் தனியாகக் குறைக்கலாம்.

படி 3: உயரத்தைப் பார்த்து மோடு

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். 100 மீட்டர் உயரத்தில் சினி மோடில் போனால் படம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். பார்ப்பவர் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்த உயரத்துக்கு நார்மலே போதும். அதே 6 மீட்டர் வேகம் தாள்களுக்கு மூன்று மீட்டர் மேலே பாய்ச்சலாகத் தெரியும். ஆகவே தாழ்வாகப் போகும்போது சினி, அதுவும் கால் ஸ்டிக். தென்னை வரிசைக்குப் பின்னாலிருந்து மெல்ல எழும்பி சிறுமலையைக் காட்டும் ஷாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மோடு கிடையாது.

கண்மாய்த் தண்ணீருக்கு மேல் மட்டும் மிகத் தாழ்வாகப் போக வேண்டாம். அடிப்பக்க சென்சார் தண்ணீரைப் பார்த்துக் குழம்பும். மின்கம்பிகளைப் பெரும்பாலான ட்ரோன்களின் சென்சார் நம்பும்படி கண்டுபிடிப்பதில்லை. வேகத்தைக் குறைத்தாலும் கம்பி கம்பிதான்.

படி 4: காற்றடித்தால்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்; மினி 2 எடை 249 கிராமுக்கும் உள்ளே. காற்று போகிற திசையில் சினி மோடில் சுகமாகப் போய்விடலாம். திரும்பி எதிர்க்காற்றில் வரும்போது ட்ரோன் நகராமல் திணறும், பேட்டரி மட்டும் இறங்கும். அதனால் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது காற்றோடு வாருங்கள். மாட்டிக்கொண்டால் உயரத்தைக் குறைத்து ஸ்போர்ட்டுக்கு மாறுங்கள். அதில் ட்ரோன் அதிகம் சாய்ந்து காற்றைக் கிழித்து வரும். ஆனால் ஸ்போர்ட்டில் தடை கண்டறியும் சென்சார்கள் வேலை செய்யாது என்பதால், இறங்கும்போது எவ்வளவு தாழலாம் என்பதை வழியிலுள்ள தென்னைகளையும் கம்பிகளையும் கண்ணால் பார்த்து முடிவுசெய்யுங்கள்.