தள்ளுபடி ஆவது வழக்குதான், கட்டணம் அல்ல

அமெரிக்கச் சிறையில் மருத்துவம் மறுக்கப்பட்ட ஒரு கைதி, சிவில் உரிமை வழக்குப் போட ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகிறார். ‘கையில் காசில்லை என்றால் கட்டணம் தள்ளுபடி’ என்று பக்கத்து அறைக்காரர் சொல்லியிருப்பார். அதை நம்புவதுதான் முதல் தவறு. 1996-இல் கிளின்டன் கையெழுத்திட்ட சிறைக்கைதிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, ஏழைக் கைதிக்குக் கிடைப்பது தவணை மட்டும்தான். முழுக் கட்டணம் 405 டாலர். ஏழை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் நிர்வாகக் கட்டணம் 55 கழியும். மீதி 350-ஐக் கட்டியே ஆக வேண்டும்.

எப்படி வசூலிக்கிறார்கள்? சிறைக் கணக்கில் கடந்த ஆறு மாதத்தில் மாத வரவு சராசரியாக 60 டாலர், இருப்பு சராசரியாக 25 என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் பெரியது 60; அதில் 20 சதவீதம், அதாவது 12 டாலர், முதல் தவணை. அப்புறம் கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம், முந்தைய மாத வரவில் 20 சதவீதத்தைச் சிறை நிர்வாகமே எடுத்து அனுப்பிவிடும். அம்மா மாதாமாதம் போடும் 50 டாலரில் 10 போய்விடும். சோப்புக்கும் நூடுல்ஸுக்கும் வைத்திருந்த காசு அது. இந்த வேகத்தில் கடன் தீரக் கிட்டத்தட்ட மூன்று வருடம். வழக்கு நடுவில் தள்ளுபடியானாலும் பிடித்தம் நிற்காது.

கோபத்தில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு வழக்காகப் போடுபவர்கள் உண்டு. ஒரு வழக்கின் கடன் தீர்ந்த பிறகுதான் அடுத்ததற்குப் பிடிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்று வழக்கு என்றால் மாத வரவில் 60 சதவீதம் போகும். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் தனி.

காகித வேலையிலும் வழுக்குகிறார்கள். சிறை அதிகாரி சான்றளித்த ஆறு மாதக் கணக்கு அறிக்கை வேண்டும். இடையில் சிறை மாறியிருந்தால் பழைய சிறையிலிருந்தும் வாங்க வேண்டும். பணத்தை மறைத்துப் பொய் சொன்னது தெரிந்தால் வழக்கே போய்விடும். அதற்காகக் கணக்கில் சுத்தமாகக் காசில்லாதவர் பயப்பட வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காக அவர் வழக்கைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

தண்டனையே செல்லாது என்பவர் போட வேண்டியது ஹேபியஸ் கார்பஸ் மனு. அதற்கு 5 டாலர்தான். அதை சிவில் உரிமை வழக்காக மாற்றிப் போட்டால் 350 டாலர் கடன் தலையில் விழும்.

இருப்பதிலேயே பெரிய குழி ‘மூன்று ஸ்ட்ரைக்’ விதி. சாரமில்லாதது, தீய நோக்கம் கொண்டது அல்லது சட்டப்படி நிவாரணம் கேட்க முகாந்திரமில்லாதது என்று மூன்று வழக்குகள் தள்ளுபடியானால், அடுத்த வழக்குக்குத் தவணை கிடையாது, மொத்தமும் முன்பணம். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் அந்தத் தள்ளுபடி கணக்கில் சேரும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு. திரும்பத் தாக்கல் செய்ய வழிவிட்ட தள்ளுபடியும், முகாந்திரமில்லை என்ற காரணத்தால் வந்திருந்தால், சேரும் என்றது 2020 தீர்ப்பு. எனக்கு இது ரொம்பக் கறாராகத்தான் படுகிறது.

தப்பிக்க ஒரே வழி, மனுப் போடும் நேரத்தில் உடலுக்குக் கடும் ஆபத்து நெருங்கியிருப்பதைக் காட்டுவது. ‘போன வருடம் அடித்தார்கள்’ என்பது மட்டும் போதாது. இன்சுலின் இன்றைக்கும் தரவில்லை என்றால், எந்தத் தேதியிலிருந்து தரவில்லை, உடம்பு என்ன ஆகிறது என்பதை மனுவிலேயே எழுத வேண்டும்.