விசுவாசத்தை வீட்டில் கையளிப்பது எப்படி? கிறிஸ்தவப் பெற்றோருக்குச் சில நடைமுறை வழிகள்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் சபையார் முன்பாக வாக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அந்த வாக்கை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரின் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இருபது ஆண்டுகளாக அப்படி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்துவருகிற நான் சொல்கிறேன்: ஒரு ஞாயிறும் தவறாமல் வருகிற பிள்ளைகூட ஆண்டுக்கு 52 மணி நேரம்தான் எங்களிடம் இருக்கிறது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோதும், வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைச் சிறுவருக்கு ஓய்வு நாளிலாவது எழுத்தறிவும் வேத அறிவும் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. வீட்டின் வேலையை வீட்டாரிடமிருந்து எடுத்துக்கொள்வது அன்று. உபாகமம் ஆறாம் அதிகாரம் பிள்ளைகளுக்குப் போதிக்கவேண்டிய வேளைகளாக நான்கைச் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழுந்திருக்கையில். அந்த நான்கில் எதுவும் ஆலயத்துக்குள் நடப்பதில்லை.

ஆகையால் குடும்ப ஜெபத்திலிருந்து தொடங்குங்கள். நம்மில் பலருக்கு அதைப் பற்றிய நினைவு, தாத்தா உலகத்திலுள்ள எல்லாத் தேசங்களுக்காகவும் முறைப்படி ஜெபித்துக்கொண்டிருக்க, நாம் பாயில் முழங்காலிட்டபடியே தூங்கிப்போனதுதான். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். இரவு உணவுக்கு முன் வைத்துக்கொண்டால் தூக்கம் குறுக்கே வராது; பசி இருப்பதால் பெரியவர்களும் சுருக்கமாக முடிப்பார்கள். ஒரு பாட்டு, ஒரு சிறு பகுதி, அதைப் பற்றி ஒரு கேள்வி, பிள்ளையின் வாயிலிருந்து ஒரு வரி ஜெபம், பெரியவர் ஒருவரின் ஜெபம், அவ்வளவு போதும். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் படிப்போம் என்று புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் பலி விதிகள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுகின்றன. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரமே கொண்டது. நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும், ஒரு முழுப் புத்தகத்தை வாசித்து முடித்த மகிழ்ச்சியும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். "ஆண்டவரே, இவன் இனியாவது செல்போனைத் தூக்கி எறிந்துவிட்டு ஒழுங்காகப் படிக்க நல்ல புத்தியைத் தாரும்" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபிப்பது ஜெபமல்ல, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. கடவுளைத் தன் அம்மாவின் பக்கம் சாட்சி சொல்ல வந்தவராகவே அறிந்து வளரும் பிள்ளை, வளர்ந்தபின் இருவரையும் சேர்த்தே தவிர்க்கும். கண்டிக்கவேண்டியதை ஜெபத்துக்கு முன்போ பின்போ நேராகக் கண்டித்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. நம் வீடுகளில் இன்று மிகப் பெரிய தடை இதுவே என்பது என் கணிப்பு. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குச் செய்தித்தாள் தமிழே கடினமாக இருக்கும்போது, "இரட்சிப்பு", "நீதிமான்", "கிருபாசனம்" என்று வருகிற வேதாகமத் தமிழ் முற்றிலும் வேறொரு மொழியாகவே கேட்கிறது. டொரொன்டோவிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைகளுக்கோ வீட்டில் பேசும் தமிழே அரைகுறையாக இருக்கலாம். இதற்காகப் பழைய மொழிபெயர்ப்பைக் கைவிடச் சொல்லமாட்டேன். அதன் ஓசை நாவில் தங்குவதுபோல் வேறெதுவும் தங்குவதில்லை. முதலில் கதையை நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் சொல்லுங்கள். பிறகு 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலோ வேறு எளிய பெயர்ப்பிலோ வாசியுங்கள். மனப்பாடம் செய்யவேண்டிய வசனத்தை மட்டும் பழைய பெயர்ப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு சொல்லை எடுத்து, அதை வீட்டு அனுபவத்தோடு இணைத்து விளக்குங்கள். கண்ணாடியை உடைத்த மகளிடம் கோபத்தை அடக்கிக்கொண்டு, "காலில் குத்திவிட்டதா, காட்டு" என்று கேட்ட நாளில் "கிருபை" என்ற சொல்லை விளக்கினால், அதற்குப் பிறகு அகராதி வேண்டியதில்லை.

பாட்டிலும் இதே கதைதான். தஞ்சையின் வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோர் இராகமும் தாளமும் அமைத்துத் தந்த கீர்த்தனைகளைப் பிள்ளைகள் பொருள் தெரியாமலே பாடுவார்கள், பாடட்டும். மெட்டு முதலில் நுழையும், பொருள் சில ஆண்டுகள் கழித்து, சில சமயம் ஒரு துக்க வீட்டில், தானாகவே திறந்துகொள்ளும். இளைஞர் கூட்டத்தின் கிதார் பாட்டையும் வீட்டில் பாட இடம் கொடுங்கள். நம் கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் புதிய பாட்டுகளாக இருந்தவைதானே.

கேள்விகளுக்கு வருவோம். எகிப்திலிருந்து விடுதலையானதை இஸ்ரவேலர் நினைவுகூரும் பஸ்காவின்போது பிள்ளைகள் "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று கேட்பார்கள் என்று யாத்திராகமமும், யோர்தானிலிருந்து எடுத்து நிறுத்திய கற்களைக் காட்டி "இவை என்ன" என்று கேட்பார்கள் என்று யோசுவாவின் புத்தகமும் முன்கூட்டியே எதிர்பார்க்கின்றன. அங்கே கேள்வி பிள்ளையுடையது, பதில் பெற்றோருடையது. நம் வீடுகளில் இது தலைகீழாகி, நாம் கேட்கிறோம், பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிப்பதற்கென்றே எழுதப்பட்டது, அதன் ஒவ்வொரு பகுதியிலும் "இது என்ன?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் அதையும் தமிழில் மொழிபெயர்த்தார். அந்தச் சிறு கேள்வியையே கடன் வாங்கிக்கொண்டு, திருவிருந்து, உபவாசம், சாம்பல் புதன் என்று நாம் செய்கிற எதையும் பிள்ளை கேட்கும்படி விடுங்கள்.

கடினமான கேள்விகளும் வரும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேரே கிறிஸ்தவர்கள்; ஆகவே உங்கள் மகளின் நெருங்கிய தோழி பெரும்பாலும் கோயிலுக்குப் போகிறவளாகவோ பள்ளிவாசல் குடும்பத்தைச் சேர்ந்தவளாகவோ இருப்பாள். "அவள் நரகத்துக்குப் போவாளா அம்மா?" என்ற கேள்வி ஏதோ ஒரு மாலையில் வந்தே தீரும். அதை அதட்டி மூடாதீர்கள். தோழியின் வீட்டு வழிபாட்டை இழிவாகப் பேசியும் பதில் சொல்லாதீர்கள். இயேசுவைப் பற்றி நாம் விசுவாசிப்பது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், தீர்ப்பளிக்கும் வேலை நம்மிடம் தரப்படவில்லை என்பதையும் சொல்லுங்கள், உங்களுக்கே விடை தெரியாத இடத்தில் "எனக்குத் தெரியவில்லை, சபைப் போதகர் ஐயரிடம் கேட்போம்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்த தகப்பன்மாரின் பிள்ளைகளைவிட, சேர்ந்து தேடிய தகப்பன்மாரின் பிள்ளைகளே சபையில் நிலைத்திருப்பதை என் வகுப்பில் கண்டிருக்கிறேன். இது ஆய்வு முடிவல்ல, நான் பார்த்தது மட்டுமே.

உங்கள் குடும்பத்துக்குள் இந்த விசுவாசம் எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். பழைய குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானத் தேதிகளைத் தாத்தா எழுதிவைத்திருந்தால், அதை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். திருநெல்வேலிப் பக்கத்து வேர் உள்ளவர்கள், விசுவாசத்துக்காகத் துன்புற்றவர்களுக்கென 1799இல் உருவான முதலூருக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் காட்டலாம். கதையை மெருகேற்ற வேண்டாம். பஞ்ச காலத்தில் கஞ்சிக்காகச் சேர்ந்த பாட்டனாராக இருந்தாலும், சேர்ந்தபின் அவர் ஏன் திரும்பிப் போகவில்லை என்பதுதான் சுவையான பகுதி.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். பிள்ளைகள் நம் ஜெபத்தைக் கேட்பதைவிட நம் நடத்தையைக் கூர்ந்து கவனிக்கிறார்கள். காணிக்கைப் பையில் போடுவதற்குச் சில்லறை தேடுவதையும், வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனித் தம்ளர் வைத்திருப்பதையும் பார்க்கிறார்கள். எல்லாவற்றிலும் கடுமையான பரீட்சை திருமணத்தில் வருகிறது. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று இருபத்தைந்து ஆண்டுகள் போதித்த தகப்பன், மகனுக்கு வரன் தேடும்போது சாதியை முதல் நிபந்தனையாக வைத்தால், அவன் அன்றைக்குக் கற்றுக்கொள்ளும் பாடத்தை எந்த ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராலும் அழிக்க முடியாது. இதைச் சரிசெய்ய வீட்டுக்குள் ஒரு பழக்கம் வேண்டும்: தவறு செய்த பெற்றோர் பிள்ளையிடம் "நான் கோபத்தில் பேசியது தவறு, மன்னித்துக்கொள்" என்று சொல்வது. பாவ அறிக்கை என்பது ஆலயத்தில் எல்லாரும் ஒரே குரலில் படிக்கிற பகுதி மட்டுமல்ல என்பதைப் பிள்ளை அங்கேதான் முதன்முதலில் அறிகிறது.

பதின்ம வயதில், ஞானஸ்நான வாக்கைப் பிள்ளை தானே ஏற்று நற்கருணை பெறத் தொடங்கும் திடப்படுத்தலுக்கான வகுப்பு வரும். புது உடையும் விருந்தும் முடிந்தபின் பலர் அதைப் பட்டமளிப்பு விழாவாக எண்ணிச் சபையிலிருந்து விடைபெற்றுக்கொள்கிறார்கள். ஆகவே நற்கருணை எடுக்கத் தொடங்கிய அந்த மாதமே பிள்ளைக்குச் சபையில் ஒரு வேலை வாங்கிக்கொடுங்கள்: வேதபாடம் வாசிப்பது, ஒலிபெருக்கியைக் கவனிப்பது, சபை விருந்தான அசனத்தன்று பந்தி பரிமாறுவது. கூடவே, உங்களிடம் பேசாததைப் பேசுவதற்கு வேறொரு பெரியவரும் வேண்டும். புதிய ஏற்பாட்டில் வரும் இளம் ஊழியர் தீமோத்தேயுவுக்குப் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் விசுவாசத்தைக் கொடுத்தார்கள், தகப்பன் அந்த விசுவாசத்தில் சேராத கிரேக்கர், பிறகு பவுல் வந்தார். திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைச் சிறுவனாக இருக்கும்போதே தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தவர் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். பெற்றோரில் ஒருவர் மட்டுமே விசுவாசியாக இருக்கிற வீடுகளுக்கு தீமோத்தேயுவின் உதாரணம் குறிப்பாக உதவும். உங்கள் பிள்ளை மதிக்கிற ஒரு சித்தப்பாவையோ பாடகர் குழு அக்காவையோ தேர்ந்தெடுத்து, அவர்கள் சந்திப்புகளில் என்ன பேசினார்கள் என்று துருவிக் கேட்காமலிருங்கள்.

இவ்வளவும் செய்தபின்பும், பெங்களூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போன மகன் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிடலாம். அப்போது ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் "கோயிலுக்குப் போனாயா?" என்று தொடங்காதீர்கள், இரண்டு மாதத்தில் அவன் அழைப்பை எடுப்பதையே குறைத்துவிடுவான். சாப்பாட்டையும் வேலையையும் பற்றிக் கேளுங்கள், உங்கள் சபையில் நடந்ததை ஊர்ச் செய்தியாகச் சொல்லுங்கள், வாக்குவாதத்துக்கு இழுத்தால் ஒருமுறை பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வரும் இரவில் குடும்ப ஜெபத்தை அவனுக்காக நிறுத்தவும் வேண்டாம், அவனுக்காக நீட்டவும் வேண்டாம். வழக்கமான நேரத்தில் பாயை விரித்து, அவன் சிறுவனாகப் பாடிய கீர்த்தனையை எடுங்கள். அவன் உட்கார்ந்தாலும் சரி, கதவோரம் நின்றாலும் சரி, பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சோறு போடுங்கள்.