கச்கார் கல்லை ஆவணப்படுத்துவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கச்கார் என்பது ஆர்மீனியர்களின் சிலுவைக் கல். நட்டு நிறுத்திய பலகைக் கல்லின் நடுவே சிலுவை, சுற்றிலும் கொடிப் பின்னல். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. இன்றைய அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியில், அராக்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஜுல்ஃபா இடுகாட்டில் இவை ஆயிரக்கணக்கில் நின்றன. 1998இல் தொடங்கிய இடிப்பு 2005 டிசம்பரோடு முடிந்தது. இப்போது அங்கே வெறும் தரை. அந்தக் கற்களைப் பற்றி இன்று பேச முடிகிறதென்றால், பெரும்பாலும் ஆர்மீனிய ஆய்வாளர் அர்கம் அய்வாஸ்யான் போன்றவர்கள் முன்பே எடுத்துவைத்த படங்களால்தான். கல்லே போய்விட்டாலும் உங்கள் படத்தை வைத்து அதை வாசிக்க முடிய வேண்டும். அந்தக் கணக்கில்தான் கீழே உள்ள எல்லாமே.

ஆர்மீனியாவில் செவான் ஏரிப் பக்கம் உள்ள நொராதுஸ் இடுகாட்டை எடுத்துக்கொள்வோம். கச்கார்கள் ஏராளமாக நிற்கும் இடம்.

1. கையை வைக்காதீர்கள்
எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் பூசுவது, தண்ணீர் ஊற்றுவது, கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டுவது எதுவும் வேண்டாம். பாசியோடு சேர்ந்து செதுக்கலும் உதிர்ந்துவிடும்.

2. இடத்தைக் குறியுங்கள்
போனில் ஜிபிஎஸ் எண்கள், கல் பார்க்கும் திசை, பக்கத்துக் கற்களோடு ஒரு கைவரைபடம். இவ்வளவு போதும்.

3. வெளிச்சத்துக்குக் காத்திருங்கள்
பாதி வேலை இதுதான். கச்காரின் செதுக்கிய முகம் வழக்கமாக மேற்கு பார்த்திருக்கும். காலையில் அது முழுக்க நிழல். சாயங்காலம் வெயில் நேராக அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். நொராதுஸில் கடிகாரம் ஒரு மணி காட்டும்போதுதான் உச்சிப்பொழுது. அது கழிந்த சற்று நேரத்தில் வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும். அதுவரை வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் கொடியின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மேகமூட்டமா? நண்பரிடம் டார்ச்சைக் கொடுத்து, கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாக அடிக்கச் சொல்லுங்கள். போனின் ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள், அது காரியத்தைக் கெடுக்கும்.

4. நாலு பக்கமும் எடுங்கள்
எல்லோரும் முகப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எழுத்து பக்கவாட்டிலோ பின்புறமோ கூட இருக்கலாம். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். உயரம், அகலம், தடிமன் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஆண்டைப் படியுங்கள்
ஆர்மீனிய மொழி தெரியாவிட்டாலும் இது முடியும். அவர்களின் பழைய 36 எழுத்துகளே எண்களும்கூட: முதல் ஒன்பது ஒன்றுகள், அடுத்த ஒன்பது பத்துகள், பிறகு நூறுகள், ஆயிரங்கள். வோ என்ற எழுத்து 600, ஹோ 70. இரண்டும் சேர்ந்திருந்தால் 670. இது ஆர்மீனியர்களின் பழைய ஆண்டுக்கணக்கு. அதோடு 551ஐக் கூட்டினால் 1221, நம் கணக்கில் ஆண்டு. அட்டவணை ஒன்றை அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம். கேள்விக்குறி போடுவதே நேர்மை.

6. முப்பரிமாணம், விருப்பமிருந்தால்
கல்லைச் சுற்றி நடந்தபடி, ஒரு படத்தில் உள்ளதில் முக்கால்வாசி அடுத்ததிலும் வரும்படி எடுத்துக்கொண்டே போங்கள். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

7. பத்திரப்படுத்துங்கள்
கோப்பின் பெயரில் இடம், கல் எண், பக்கம், தேதி இருக்கட்டும். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது.

விரிசல் கண்ணில் பட்டால் சிமென்ட் பூச ஆள் தேடாதீர்கள். சிமென்டிலிருந்து வரும் உப்பு, எரிமலைச் சாம்பல் இறுகி உருவான, நுண்துளைகள் நிறைந்த டஃப் கல்லை உள்ளிருந்தே உதிர்த்துவிடும். படம் எடுத்து, ஆர்மீனியாவின் கல்வி, அறிவியல், பண்பாடு, விளையாட்டு அமைச்சகத்துக்குத் தெரிவிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழகிப் பார்க்க ஆர்மீனியாவுக்கே போக வேண்டும் என்றில்லை. சென்னை பாரிமுனையில், அரண்மனைக்காரத் தெருவில், 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ இதழை 1794இல் மதராஸில் அச்சிட்ட ஹருத்யூன் ஷமவோன்யானின் கல்லறை அங்கேதான். அங்குள்ள கல்லறைக் கற்கள் தரையோடு பதிந்தவை என்பதால் உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலைச் சாய்வெயில்தான் சரி. காவலரிடம் அனுமதி கேட்டுவிட்டு, செருப்புக்காலோடு எழுத்துகளை மிதிக்காமல் எடுங்கள்.